பக்கத்து வீட்டுப் போரும் எங்க வீட்டுப் புல்லும்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ யுத்தம்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ஆழ்துளைக் கிணறு போர். ஆனா யுத்தமும் கொஞ்சம் இருக்கு. முழுசா படிங்க :-)

எங்க ஊர் கண்டாச்சிபுரம். விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஏறினா காணை, கெடார் எல்லாம் தாண்டி வரும். சுத்திப் பார்த்தா பாறை, குன்று, இடையில கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் கரும்பு. தாலுக்கா ஆபீஸ் வந்த பிறகு ஊருக்குக் கொஞ்சம் மவுசு கூடிப்போச்சு. அங்கதான் அம்மா தனியா இருக்காங்க. நான் தாம்பரத்துல குடித்தனம். மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போவேன், அரிசி மூட்டையும் திட்டும் வாங்கிக்கிட்டு வருவேன்.

"எங்க வீட்டுல லான் இருக்கு"ன்னு ஆபீஸ்ல ஒரு தடவை சொல்லிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை. "கண்டாச்சிபுரத்துல லானா?"ன்னு ஒரு வாரம் ஓட்டினாங்க. லான்னா ஊட்டி பூங்கா மாதிரி எல்லாம் இல்லைங்க. வீட்டுக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவுல ஒரு சென்ட்டுக்கும் கம்மியான இடம். அது முழுக்க அருகம்புல். அவ்வளவுதான். ஆனா கிரிக்கெட் மைதானத்துல பெர்முடா புல்லுன்னு பெருமையா சொல்றாங்களே, அதுவும் நம்ம அருகம்புல்லும் ஒரே இனம்தான். அதனால நான் சொன்னதுல தப்பே இல்லைன்னு இன்னைக்கும் சாதிக்கிறேன்.

அந்தப் புல்லை யாரும் விதைக்கல. தானா வந்தது. விவசாயிக்கு அருகு ஒரு தலைவலி, எவ்வளவு கொத்தினாலும் திரும்ப வரும். ஆனா எங்கப்பா அதைக் கொத்த விடல. ரிட்டயர் ஆன பிறகு சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கயித்துக் கட்டிலை அதுமேல போட்டு, செருப்பைக் கழட்டிட்டு, வெறுங்காலைப் புல்லுல வச்சுக்கிட்டு உட்காருவார். சர்க்கரை வியாதி. கால்ல உணர்ச்சி குறைஞ்சுகிட்டே வந்தது. "புல்லு குத்துதான்னு பார்க்கறேன்டா"ன்னு சிரிப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. கட்டில் இப்போ பரண்ல. புல்லுக்கு அம்மா தினம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துவாங்க. விநாயகர் சதுர்த்தி வந்தா தெருப் பசங்க எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் அருகம்புல் பறிக்க வருவாங்க.

இவ்வளவு பில்டப் எதுக்குன்னா, அந்தப் புல்லுக்கு வந்த கதியைச் சொல்லத்தான்.

பக்கத்து வீட்டு மாமா சொந்தக்கார மாமா இல்ல. ஆனா நான் பொறந்ததுல இருந்தே அவர் மாமா, அவங்க வீட்டுக்காரம்மா அத்தை. அவரு எங்கம்மாவை அக்கான்னுதான் கூப்பிடுவார். அவரோட பையன் பெங்களூர்ல வேலை. மாடி எடுத்துக் கட்டுறாங்க. கட்டுமான வேலைக்குத் தண்ணி வேணும், பழைய கிணத்துல தவளைதான் இருக்கு. சரி, போர் போட்டுடலாம்னு முடிவு. உள்ளங்கையில தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். அவரு கையில தேங்காய் நட்டுக்குத்தலா நின்ன இடம் எது தெரியுமா? எங்க வேலியில இருந்து நாலே அடி.

நான் ஊர்ல இருந்த ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி வந்துச்சு. போர் வண்டி தெரியுமில்ல? திருச்செங்கோட்டுல இருந்து கிளம்பி இந்தியா முழுக்கச் சுத்துதே, அந்த ரகம். ஒண்ணு இல்ல, ரெண்டு லாரி. ஒண்ணுல துளை போடுற மெஷின், இன்னொண்ணுல ராடும் மத்த சாமானும். வண்டியில வந்த பசங்க வடநாட்டுப் பிள்ளைங்க, இருபது இருபத்தஞ்சு வயசு, கண்ணுல தூக்கம். கூட உள்ளூர் ஏஜெண்டு ஒருத்தர், பைக்ல.

வண்டி மாமா வீட்டுப் பக்கமா திரும்ப முடியல. ஏஜெண்டு அம்மாகிட்ட வந்து, "அம்மா, ரெண்டே ரெண்டு கல்லுக்காலைப் பிடுங்கிட்டு உங்க பக்கமா ஒரு வளைவு வளைச்சுக்கறோம். விடிஞ்சதும் நட்டுக் குடுத்துட்டுத்தான் போவோம்"னார். எங்க வேலி பழங்காலத்துக் கருங்கல் கால் நட்டு முள்கம்பி கட்டினது. அம்மா மாமா மூஞ்சியைப் பார்த்தாங்க. மாமா, "அக்கா, ஒரு ராத்திரிதான்"னார். அம்மா, "அதுக்கின்னா, வந்துட்டுப் போவட்டும்"னுட்டாங்க.

நானும் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல. அதை இங்க ஒத்துக்கணும்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது. கம்ப்ரஸர் சத்தத்துல வீட்டு ஓடே ஆடுச்சு. முதல்ல மண்ணு, அப்புறம் பாறை. பாறை வந்ததும் மாவு பறக்க ஆரம்பிச்சது. வெள்ளையா, சாம்பலா, கல்மாவு. எங்க ஊருக்குப் பனி விழற பாக்கியம் அன்னைக்குத்தான் கிடைச்சது. தங்கமணி போன்ல, "மூக்கைத் துணியால கட்டிக்கோங்க, அம்மாவையும் உள்ள படுக்கச் சொல்லுங்க"ன்னு கத்தினா. 300 அடியில ஈரம். 480 அடியில தண்ணி பீறிட்டு அடிச்சது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார், அத்தை சூடம் ஏத்தினாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. தண்ணி வர்றதைப் பார்த்தா சந்தோஷப்படாதவன் எங்க ஜில்லாவுல யாரு?

ஆனா தண்ணி வந்ததும் கல்மாவு சேறாயிடும். அந்தச் சேறு எங்கயாவது போகணுமே? குழி வெட்டி, வாய்க்கால் வெட்டி அதுல விடணும். யாரும் வெட்டல. எங்க பக்கம்தான் பள்ளம். 640 அடி முடியற வரைக்கும் அத்தனை சேறும் எங்க பக்கமே இறங்குச்சு. விடிகாலை அஞ்சு மணிக்குக் காசை எண்ணி வாங்கிக்கிட்டு வண்டி அடுத்த பாயிண்டுக்குக் கிளம்பிடுச்சு. ஏஜெண்டு பைக்கும் அதுக்குப் பின்னாடியே.

வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். புல்லு இருந்த இடத்துல சிமெண்டு கலவை கொட்டி விட்ட மாதிரி நாலு விரக்கடை சேறு. நடுவுல லாரி டயர் ரெண்டு பள்ளம், முழங்கால் ஆழம். பிடுங்கின கல்லுக்கால் ரெண்டுல ஒண்ணு நடுவுல ஒடைஞ்சு கிடந்தது. அம்மா குடத்தோட வந்து நின்னாங்க. ஒண்ணும் பேசல. குடத்துத் தண்ணியைத் திரும்பத் தொட்டியில ஊத்திட்டு உள்ள போயிட்டாங்க.

சத்தம் போட்டிருந்தா எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். மூணாவது தடவை எடுத்தார்.

"சார், எங்க வேலை போர் போடறது. தண்ணி வந்துச்சா இல்லியா?"

"தண்ணி வந்தது அவருக்கு. சேறு வந்தது எங்களுக்கு."

"சேறு பள்ளத்துலதான் சார் போவும். மேட்டுலயா ஏறும்?"

"கல்லுக்கால் நட்டுத் தரேன்னு சொன்னீங்களே?"

"அது ஓனர் செலவு சார். ஓனரைக் கேளுங்க." டொக்.

சரின்னு மாமாகிட்ட போனேன். அவரு, "ஏஜெண்டு பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கான்டா, வருவான்"னார். திங்கக்கிழமை வரைக்கும் லீவு போட்டுட்டுக் காத்திருந்தேன். ஏஜெண்டு ஓனரைக் காட்டறாரு, ஓனர் ஏஜெண்டைக் காட்டறாரு. நடுவுல நான் பந்து. கடைசியில என் குரல் உசந்துடுச்சு. "உங்க வீட்டு வேலைக்கு வந்தவன் பண்ணினதுக்கு நீங்கதான மாமா பதில் சொல்லணும்?"னு தெருவுல நின்னு கேட்டுட்டேன். மாமா ஒண்ணும் சொல்லல. உள்ள போயிட்டார். அன்னைக்குச் சாயங்காலம் அத்தை வழக்கமா குடுத்தனுப்புற பால் வரல. வேலிக்கு மேல நடக்குற பேச்சும் நின்னுபோச்சு.

இப்போ கொஞ்சம் சட்டம். கொட்டாவி விடாதீங்க, சுவாரசியமாத்தான் இருக்கும்.

விழுப்புரத்துல வக்கீலா இருக்கிற என் காலேஜ் நண்பனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "இதுக்கு ரொம்பப் பழைய கேஸ் ஒண்ணு இருக்குடா"ன்னு ஆரம்பிச்சான். இங்கிலாந்துல ரைலண்ட்ஸ்னு ஒரு மில் முதலாளி. மில்லுக்குத் தண்ணி தேக்க ஒரு குட்டை வெட்டணும்னு காண்ட்ராக்டர்கிட்ட விட்டார். வெட்டும்போது அடியில பழைய சுரங்கக் குழிங்க தட்டுப்பட்டுச்சு. வேலைக்காரங்க அதைச் சரியா அடைக்கல. குட்டை நிறைஞ்சதும் தண்ணி அந்தக் குழி வழியா இறங்கி, ஃப்ளெட்சர்ங்கிற பக்கத்து ஆளோட நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடிச்சிடுச்சு. முதலாளி சொன்னது நம்ம மாமா சொன்ன அதே வசனம்: தப்பு பண்ணினது காண்ட்ராக்டர், நான் இல்ல. 1868ல பிரபுக்கள் சபை ஒத்துக்கல. தப்பிச்சுப் போனா ஊருக்குக் கெடுதல் பண்ணக்கூடிய ஒண்ணை உன் நிலத்துல நீ கொண்டு வந்து தேக்கினா, அது பக்கத்துக்குப் பாய்ஞ்சதுக்கு நீதான் பொறுப்புன்னு தீர்ப்பு. இன்னைக்கும் சட்டக் கல்லூரியில இதைப் படிக்காம யாரும் வெளிய வர முடியாதாம்.

"அப்போ ஜெயிச்சுட்டோம்!"னேன்.

"இருடா, நம்ம பக்கத்துக் கேஸும் ஒண்ணு இருக்கு"ன்னான். அப்போ மெட்ராஸ் மாகாணத்துல இருந்த கார்வேட்டிநகரம் ஜமீன். கனமழையில ஜமீன் ஏரி உடைஞ்சு ரயில்வே கம்பெனியோட பாதையையும் பாலத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அதே ரைலண்ட்ஸ் தீர்ப்பைத் தூக்கிக்கிட்டு லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1874ல அங்க தோத்துடுச்சு. ஏன்னா, இந்த நாட்டுல ஏரிங்கிறது ஒருத்தர் ஆசைக்குத் தேக்கி வச்ச தண்ணி இல்ல. காலங்காலமா ஊரே அதை நம்பிப் பிழைக்குது. அதைக் காப்பாத்தி வைக்க வேண்டியது ஜமீன்தாரோட கடமை. அவர் கவனக்குறைவா இருந்தார்னு காட்டாதவரைக்கும் அவர்மேல பழி போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு இந்த ரெண்டாவது கேஸ் ரொம்பப் பிடிச்சிருந்தது. லண்டன்ல உட்கார்ந்துகிட்டு நம்ம ஊர் ஏரியைப் புரிஞ்சுக்கிட்டாங்களேன்னு. ஆனா என் கட்சிக்கு அது உதவாது போலிருக்கேன்னு பயம். "உங்க மாமா போரு ஊர் ஏரி இல்லடா, சொந்தப் போர்தானே. குழி வெட்டாம சேத்தை விட்டது கவனக்குறைவுதான். எப்படிப் பார்த்தாலும் உன் பக்கம் நியாயம் இருக்கு"ன்னு நண்பன் தெம்பு கொடுத்தான். கூடவே, "ஆனா புல்லுக்காக கேஸ் போட்டா, கேஸ் முடியறதுக்குள்ள உன் புல்லு மூணு தடவை முளைச்சிடும்"னு சிரிச்சான்.

இன்னொண்ணும் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரல. திறந்து கிடக்கிற ஆழ்துளைக் கிணத்துல குழந்தைங்க விழறதைப் பார்த்து, சுப்ரீம் கோர்ட்டு தானே முன்வந்து ஒரு வழக்கு எடுத்து, 2010ல நிறைய விதி போட்டிருக்கு. போர் போடறதுக்கு 15 நாள் முன்னாடியே அதிகாரிங்களுக்கு எழுதிக் கொடுக்கணும். போர் கம்பெனி பதிவு பண்ணியிருக்கணும். வேலை நடக்கற இடத்துல போர்டு வைக்கணும், சுத்தி வேலி போடணும். குழாய் வாயை மூடி வைக்கணும். அந்த வரிசையிலேயே ரெண்டு விதி: வேலை முடிஞ்சதும் சேத்துக் குழியையும் வாய்க்காலையும் மூடணும், நிலத்தைத் துளை போடறதுக்கு முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைக்கணும். தமிழ்நாட்டுலயும் 2015ல ஊராட்சிகளுக்குன்னு கிணறு வெட்டறது பத்தித் தனி விதி வந்துச்சு.

இத்தனை விதிக்கு அப்புறமும் 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியும். ரெண்டு வயசுக் குழந்தை. நாலு நாள் டிவி முன்னாடி நாடே உட்கார்ந்திருந்தது. பக்கத்துலயே இன்னொரு குழி போட வந்த மெஷினுக்கு அந்தப் பாறை வழி விடல. எங்க ஊர்ல ராத்திரி முழுக்க நான் கேட்ட அதே சத்தம்தான் அங்கயும்.

போனை வச்சுட்டு முதல் வேலையா எட்டிப் போய் மாமா வீட்டு போர் வாயைப் பார்த்தேன். ஒரு கோணியைச் சுத்தி மேல செங்கல் வச்சிருந்தாங்க. தெருவுல ஓடியாடற வாண்டுங்க ஏழெட்டு இருக்கு. பேச்சுவார்த்தை இல்லைன்னாலும் சும்மா இருக்க முடியல. கடைக்குப் போய் மூடி வாங்கிட்டு வந்து, அத்தைகிட்ட நீட்டி, "இதைப் போட்டு இறுக்கிடச் சொல்லுங்க"ன்னேன். அத்தை வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் பேசல.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு மாமாகிட்ட சுப்ரீம் கோர்ட்டு விதியைச் சொல்லிக் கேட்கப் போறேன்"னு அம்மாகிட்ட சொன்னேன். ரைலண்ட்ஸ், கார்வேட்டிநகரம் எல்லாம் எடுத்து விட்டேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு ரசத்தை ஊத்தினாங்க. அப்புறம் சொன்னாங்க.

"94ல நாம இந்த வூட்ட கட்டுனப்போ ஜல்லி லாரி ரிவர்ஸ்ல வந்து அவுங்க திண்ணைய இடிச்சிச்சு. தெரியுமா உனக்கு?"

தெரியாது. எனக்கு அப்போ எட்டு வயசு.

"அவரோட அப்பா, பெரியவரு, அதுலதான் நாள் பூரா உக்காந்துனு இருப்பாரு. கண்ணு தெரியாது. போறவன் வர்றவன் சத்தத்த கேட்டுனு இருப்பாரு. திண்ணை போனதும் உள்ளயே படுத்துட்டாரு. அப்ப உங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? 'மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கேன், கட்டிக் குடுப்பான்'னாரு. மேஸ்திரி லாரிக்காரன சொன்னான். லாரிக்காரன் வரவே இல்ல. மூணு வருஷம் கழிச்சு உங்க மாமாவே சொந்தக் காசுல கட்டுனாரு. அதுக்குள்ள பெரியவரு போய் சேந்துட்டாரு. ஒரு வார்த்த கேக்கல அவரு, நம்மள."

நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

"அதான் எனக்கு வாய் வரல. நீ கேட்டா தப்புன்னு சொல்லல. நாயந்தான். ஆனா நாம குடுக்க வேண்டியது ஒண்ணு பாக்கி கெடக்குது. அத மனசுல வச்சினு கேளு."

எங்கப்பா நல்ல மனுஷன். வாத்தியார். யாரையும் ஏமாத்தினதில்லை. அந்த ஒரு வரி அவர் வாயில எப்படி அவ்வளவு சுலபமா வந்ததுன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். யோசிச்சா ஒண்ணும் கஷ்டமில்லை. கையில இருந்த காசு எல்லாம் வீட்டுல முடங்கியிருக்கும். திண்ணையை இடிச்சது அவர் கை இல்ல. "மேஸ்திரியைக் கேளுங்க"ங்கிறதுல பொய்யும் இல்ல. இப்படித்தான் எல்லாரும் தப்பிக்கிறோம். வேலைக்கு ஆளை வைக்கும்போது, அந்த வேலையோட பொறுப்பையும் அவன் தலையில வச்சுட்டதா நினைச்சுக்கறோம். அவன் சாயங்காலம் சம்பளத்தை வாங்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடறான். இடிஞ்ச திண்ணையும் இடிச்ச வீடும் பக்கத்துப் பக்கத்துல முப்பது வருஷம் நிக்குது.

மறுநாள் காலையில போனேன். மாமா புதுத் திண்ணையில, அதாவது 97ல கட்டின திண்ணையில, உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"மாமா, தெருவுல நின்னு கத்தினது தப்பு. அப்புறம், இந்தத் திண்ணை சமாச்சாரம் நேத்துதான் அம்மா சொன்னாங்க. அப்பா பண்ணியிருக்கணும். பண்ணல. மன்னிச்சுக்கோங்க."

மாமா ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கிட்டிருந்தார். "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்டா"ன்னார். மறக்கல. அவர் கை திண்ணை ஓரத்தைத் தடவிக்கிட்டு இருந்தது.

"ஆனா புல்லுக்கு நீங்க ஆள் விட்டுத்தான் ஆகணும் மாமா. அம்மா மூணு நாளா அந்தப் பக்கமே போகல. ஏஜெண்டு வரமாட்டான். அவனுக்கு நீங்க காசு முழுசா குடுத்துட்டீங்க."

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான். மன்னிப்பு கேட்டுட்டு உடனே பில்லை நீட்டற மாதிரி இருக்கேன்னு. ஆனா சொல்லாம வந்திருந்தா அடுத்த முப்பது வருஷத்துக்கு எங்க வீட்டுலயும் ஒரு திண்ணைக் கதை ஓடியிருக்கும். மாமாவுக்கும் அது புரிஞ்சதுன்னு நினைக்கிறேன். "ஒடைஞ்ச கல்லுக்கால் ஒண்ணா ரெண்டா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். பஞ்சாயத்து முடிஞ்சது.

அன்னைக்கு மத்தியானமே ரெண்டு ஆளுங்க மம்பட்டியோட வந்தாங்க. கூலி மாமா குடுத்தார். புதுக் கல்லுக்கால் நான் வாங்கினேன், அவர் எவ்வளவோ மறுத்தும். அத்தை எல்லாருக்கும் டீ போட்டாங்க. சாயங்காலம் பால் வந்துடுச்சு.

உங்க வீட்டுப் பக்கத்துலயும் நாளைக்குப் போர் வண்டியோ ஜேசிபியோ வரலாம். அடி வாங்கினவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

1. வண்டி வர்றதுக்கு முந்தின நாளே செல்போன்ல உங்க பக்கத்து இடத்தை நாலு கோணத்துல படம் எடுத்து வச்சுக்கோங்க. சண்டைக்கு இல்ல. "இப்படித்தான் இருந்தது"ன்னு காட்டத்தான்.

2. சேறு எந்தப் பக்கம் போகும், குழி எங்க வெட்டுவீங்கன்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டா மெஷின் சத்தத்துல யாருக்கும் காது கேக்காது.

3. பேச வேண்டியது ஏஜெண்டுகிட்ட இல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட. நாளைக்கும் அங்க இருக்கப் போறவர் அவர்தான்.

4. நீங்க போர் போடறவரா இருந்தா, முழுப் பணத்தையும் விடியக்காலையில எண்ணிக் குடுக்காதீங்க. கொஞ்சம் நிறுத்தி வச்சு, இடத்தைச் சுத்தம் பண்ணிட்டு வாங்கிக்கோன்னு முன்னாடியே பேசிடுங்க. மாமா இப்போ ஊர்ல எல்லாருக்கும் சொல்ற அட்வைஸ் இதுதான்.

5. சேறு ஏறிடுச்சா? தண்ணி அடிச்சுக் கழுவாதீங்க. நான் முதல் நாள் அந்தத் தப்பைப் பண்ணினேன். கல்மாவு இன்னும் கீழ இறங்கி மண்ணோட கண்ணை அடைச்சிடும். கெட்டித் தயிர் பதத்துக்கு வர்ற வரைக்கும் விட்டு, மிதிக்காம, மம்பட்டியால வழிச்சு எடுக்கணும். முழுசா காய விட்டா ஓடு மாதிரி இறுகிடும். அப்புறம் டயர் அழுத்தின இடத்தைக் கடப்பாரையால நெகிழ்த்தி, மக்கின எருவும் செம்மண்ணும் போட்டு மூடணும்.

6. போர் வாய். அது யார் வீட்டுப் போரா இருந்தாலும் சரி, சண்டையில இருந்தாலும் சரி, மூடியிருக்கான்னு எட்டிப் பாருங்க. இதுக்கு மட்டும் யாரும் யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லை.

புல்லு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா?

முதல் ஒரு மாசம் ஒண்ணும் இல்ல. அம்மா மறுபடியும் ரெண்டு குடம் ஊத்த ஆரம்பிச்சாங்க, வெறும் மண்ணுக்கு. அருகுக்கு வேர் கீழயும் ஓடும், தண்டு மேலயும் ஓடும். மேல இருக்கிறதெல்லாம் செத்தாலும் கீழ ஒரு கணு உசுரோட இருந்தா போதும். ஆடியில ஒரு மழை பேஞ்சதும் அங்கங்க பச்சையா ஊசி மாதிரி எட்டிப் பார்த்துச்சு. நான் தண்ணி அடிச்ச வேலியோரப் பட்டை மட்டும் இன்னும் மொட்டையாத்தான் கிடக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்ப்பாங்க.

சதுர்த்திக்குப் பசங்க வந்தாங்க. எங்க பக்கம் பறிக்கிற அளவுக்குப் புல்லு இல்ல. அம்மா வேலிக்கு அந்தாண்ட கையைக் காட்டி, "அங்க போய் பறிங்கடா"ன்னாங்க. எட்டிப் பார்த்தேன். எங்க புல்லு வேலிக்கு அடியில ஓடி, மாமா வீட்டு போர் குழாயைச் சுத்தித் தளதளன்னு வளர்ந்திருக்கு. மோட்டார்ல கசியற தண்ணி.

மாமா திண்ணையில இருந்து, "அக்கா, உங்க புல்லு என் இடத்தை வளைச்சுப் போடுது. கேஸ் போடலாமா?"ன்னார்.

"போடு தம்பி. காண்ட்ராக்டர் பண்ணதுன்னு சொல்லிக்கறேன்"னாங்க அம்மா.